மலை இடப்பக்கம்

வாளிப் பிடியில் இருந்த முடிச்சை அறிவுச்செல்வன் போடவில்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். கத்திரி வெயில் வீட்டு முற்றத்தைத் தோசைக்கல் மாதிரி காய்ச்சிக்கொண்டிருந்தது. கிணற்று மேடையில் வாளி ஒருக்களித்துக் கிடந்தது. அந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றி இரண்டு வருஷம் ஆகிறது. அடி அண்ணாமலையில் அந்த இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் தண்ணீர் இருந்த கிணறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊற்று ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க அவன் அக்கா கவிநிலா என்றைக்காவது ஒரு நாள் காலையில் வாளியை இறக்கிப் பார்ப்பாள், காய்ந்த சேற்றில் அது டொக்கென்று மோதும், மேலே இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அவ்வளவுதான் அந்தக் கயிற்றுக்கு வேலை.

அக்கா போடும் முடிச்சு அவனுக்குத் தெரியும். இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி, பிறகு யாராலும் அவிழ்க்க முடியாதபடி ஒரு கட்டி. இப்போது இருந்தது அதுவல்ல. ஒரு வளையம், அதற்குள் ஒரு நுழைப்பு, பின்னால் ஒரு சுற்று, மறுபடி அதே வழியில் திரும்பி நுழைந்த வால். அழகாக, சோம்பலாக இருந்தது. எவ்வளவு இழுத்தாலும் நழுவாது. கட்டைவிரலால் முதுகில் ஒரு அழுத்து அழுத்தினால் பிரிந்துவிடும்.

அழுத்திப் பார்த்தான். பிரிந்தது.

இந்த ஊரில் அந்த முடிச்சு அவன் ஒருவன் கைக்குத்தான் தெரியும். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த கை ஓமன் கடலுக்கடியில் இருக்கிறது. மூன்று மாதமாக.

"அக்கா, வாளியில யாரு முடிச்சு போட்டது?"

உள்ளே முறத்தில் கேழ்வரகு புடைக்கிற சத்தம் நிற்காமலே பதில் வந்தது. "எந்த வாளி? நான் தொட்டே நாலு நாளாச்சு. தண்ணியில்லாத கெணத்துக்கு முடிச்சு ஒண்ணுதான் கொறச்சலா?"

தானே கை போன போக்கில் போட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கைக்குக் கிடைத்த நூலிலெல்லாம் அந்த முடிச்சைப் போட்டுப் பழகியவன்தானே. ஆனாலும் கயிற்றை மூக்கருகே கொண்டுபோனான். தேங்காய் நார்க் கயிற்றில் காய்ந்த மண் வாசனை வர வேண்டும். வந்தது உப்பும் டீசலும் கலந்த ஒரு கவிச்சை. கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

கயிற்றைப் போட்டுவிட்டு லுங்கியில் கையைத் துடைத்தான். துடைத்த இடத்தில் ஈரம் ஒட்டியது.

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சக்கரவர்த்தி வருவதாக இருந்தது. அவர் அக்காவுக்கு மாமனார். கடலில் போன அக்கா புருஷன் மாறனைப் பெற்றவர். வேங்கிக்காலில் ஆபீஸ் ஒன்றில் காவலாளி வேலை பார்த்துக்கொண்டு, மூன்று மாதமாக யாரிடமும் சரியாகப் பேசாமல் திரிகிற மனுஷன்.

மாறனின் உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, காரியத்தை முடிக்க வேண்டும் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். கவிநிலா ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்தில் தாலியோடு, நெற்றியில் பொட்டோடு, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். யார் வந்து பேசினாலும் ஒரே கேள்விதான் கேட்பாள். "யாராவது கண்ணால பாத்தீங்களா?"

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். கடலில் கூட இருந்தது தம்பி ஒருத்தன்தான். அவன் கற்பூரத்தை ஏற்றி, அடித்து அணைத்து, மாறனிடமிருந்து கடைசியில் ஒரு அசைவும் வரவில்லை என்று சத்தியம் செய்யட்டும். செய்தால் தாலியைக் கழற்றித் தருகிறேன். செய்யாவிட்டால் இனிமேல் யாரும் என்னிடம் வந்து இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

"செல்வா, நாளைக்கு நீ சொல்றதுதான் எனக்கு" என்றாள் நேற்று ராத்திரி சோறு போடும்போது. "இன்னொரு தடவ சொல்லு. கயிறு உன் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சிக்கா."

"ஒரு இழுப்பு வந்தா தளத்தணும். ரெண்டு இழுப்பு வந்தா தூக்கணும். அதான?"

"ஆமா."

"எதுவும் வரல."

"எதுவும் வரலக்கா. பாறையில தேஞ்சி கயிறு அறுந்துபோச்சு."

அவள் தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றினாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

*

கற்பூரமும் வெற்றிலையும் வாங்க நாலரை மணிக்குக் கிளம்பி, கிரிவலப் பாதையில் இருந்த இருசப்பன் கடைக்கு நடந்தான். பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது, ரோட்டில் ஆளில்லை. தார் உருகிச் செருப்பில் பிசுபிசுத்தது. காற்று துளிகூட இல்லை. மலை அனலைக் கக்கிக்கொண்டு தலைக்கு மேல் நின்றது.

"வாய்யா கப்பல்காரரே" என்றார் இருசப்பன். அவருக்குக் கண்ணில் புரை. ஆளை நடையை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார். "டீ போடவா? பால் கம்மி, தண்ணி அதவிடக் கம்மி. குடிச்சிட்டு என்னைத் திட்டக் கூடாது."

"கற்பூரம் குடுங்க போதும்."

பொட்டலம் மடித்துக்கொண்டே அவர் சிரித்தார். "நேத்து சாயங்காலம் ஒரு வேடிக்கை. ஒருத்தன் மலைய எதிர்ப்பக்கமா சுத்தினு வரான். ஊரு உலகமெல்லாம் மலைய வலப்பக்கம் வெச்சிக்கினு போவும், இவன் இடப்பக்கம் வெச்சிக்கினு வரான். அதுவும் ரோட்டுல இந்த ஓரமா வரல, சித்தருங்க நடக்கறதுன்னு நாம வுட்டு வெச்சிருக்கிறோமே, மலையோரம், அங்க. யோவ், வழிய மாத்திப் போறியேன்னு கத்தினேன்."

"வெளியூர்க்காரனா இருக்கும்."

"பேச்சு நம்மூரு பேச்சு. கிட்ட வந்து நின்னான். இங்க காத்து எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு கேட்டான்."

அறிவுச்செல்வன் நீட்டிய கை அப்படியே நின்றது. "நீங்க இன்னா சொன்னீங்க?"

"காத்தே வராதுப்பா, மலை மறைவுன்னேன். அந்த எடத்தத்தான் தேடினு வரேன்னான். மூஞ்சி எனக்கு எங்க தெரியுது. ஆனா தரையெல்லாம் ஈரம். கேன்ல தண்ணி தூக்கினு போறான் போல, இந்தப் பஞ்சத்துல இப்படி சிந்தினு போறானேன்னு நல்லா திட்டி வுட்டேன்." அவர் பொட்டலத்தை நீட்டினார். "இன்னாய்யா, கை இப்படி சில்லுனு கீது?"

கடைக்கு முன்னால் தரையில் அந்த ஈரம் காய்ந்திருந்தது. காய்ந்த இடத்தில் வெள்ளை பூத்திருந்தது. ஒரு பாதம். அரை கஜம் தள்ளி இன்னொரு பாதம். குனிந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தான்.

உப்பு.

அந்தப் பாதங்கள் மலையோரமாகவே வந்து, கடை முன்னால் நின்று, பிறகு ரோட்டைக் கடந்து, அவன் வீட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் இறங்கியிருந்தன.

*

அந்த நாள் காலையில் கடல் சாதுவாகத்தான் இருந்தது.

ஓமனின் வடக்கு முனை. அர்பாப் என்று அவர்கள் கூப்பிடுகிற முதலாளியிடம் ஒரு பழைய பாய்மரப் படகு இருந்தது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிற படகு. இன்ஜின் கெட்டுப்போய்விட்டது. முனையைச் சுற்றி அந்தப் பக்கத்து ஊரில் இருக்கும் பட்டறைக்குப் பாய் விரித்தே கொண்டுபோய்விடுங்கள் என்று அர்பாப் சொல்லிவிட்டான். ஒரு பகல் ஓட்டம், எங்காவது ஒதுங்கி நங்கூரம் போட்டுத் தங்கல், மறுநாள் அரைப் பகல். மாறன் மூன்று வருஷமாக அந்த வேலையில் இருந்தவன். அறிவுச்செல்வனுக்கு விசா வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்ததே அவன்தான். செல்வாவுக்கு அப்போது ஐந்து மாத அனுபவம். சமையல், கயிறு இழுப்பது, வாந்தி.

வலப்பக்கம் முழுக்க மலை. புல் பூண்டு இல்லாத, ஆட்டுக்குட்டிகூட நிற்க முடியாத பழுப்பு மலைகள், அப்படியே செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கியிருந்தன. மாறன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுக்கான் கட்டையைக் காலால் பிடித்தபடி, இரண்டு கையாலும் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், பாத்தியா. மலையெல்லாம் வலப்பக்கம். அர்பாப் செலவுல நமக்குக் கிரிவலம்."

"செருப்பு போட்டுக்கினு கிரிவலமா மாமா?"

"கழட்டிரு. இருசப்பன் டீக்கடை ஒண்ணுதான் இல்ல. மத்தபடி எல்லாம் சரியா கீது."

உச்சிக்கு மேல் காற்று ஏறியது. பாய் விம்மி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மரமெல்லாம் முனக ஆரம்பித்தது. தண்ணீரின் நிறம் மாறியது. மாறன் கடலை உரிப்பதை நிறுத்தினான். நிழல் நீளுகிறதுக்குள் ஒதுங்க இடம் பார்க்க வேண்டும் என்றான். முதல் குடாவில் ஈயக் குண்டு கட்டிய அளவுக் கயிறு நாற்பது பாகம் ஆழம் இறங்கியும் தரை தட்டவில்லை. இரண்டாவதின் வாயில் மீன்காரர்கள் குறுக்கே வலை கட்டியிருந்தார்கள். மூன்றாவது தூரத்தில், கடலுக்குள் தனியாக நின்ற ஒரு குன்றுக்குப் பின்னால்.

"நல்லா கேட்டுக்கோ" என்றான் மாறன், சுக்கானை அவன் கையில் கொடுத்து. "அந்தக் குன்றை இடப்பக்கம் வுட்டுட்டு உள்ள போ. இடப்பக்கம். உள்ள மணல் தரை, மூணு பக்கமும் மலை மறைவு, காத்தே வராது. நான் போய் நங்கூரத்த எடுத்து வெக்கறேன்."

அவன் படகின் முன்பக்கம் போய் முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டான்.

குன்று நெருங்கியது. நெருங்க நெருங்க அறிவுச்செல்வனுக்கு அதன் உருவம் துலங்கியது. ஒரு தோள், ஒரு சரிவு, பிறகு உச்சி. தன் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே அண்ணாமலை. பிறந்ததிலிருந்து அந்த உருவத்தை வலப்பக்கம் வைத்து மட்டுமே நடந்த கால்கள் அவனுடையவை. அதை இடப்பக்கம் விட்டுப் போவது என்பது, கோயிலில் சாமிக்கு முதுகைக் காட்டி நடக்கிற மாதிரி. கை யோசிக்கவில்லை. சுக்கான் கட்டை தானாகத் திரும்பியது.

மாறன் நிமிர்ந்தபோது குன்று வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. முன்னால் வேறொரு குடா. குறுகலானது. காற்று முதுகில் தள்ளியது. இன்ஜின் இல்லாத படகைத் திருப்ப இடமில்லை.

"இன்னாடா பண்ணே. இடப்பக்கம்னேனே."

"நம்ம மலை மாதிரியே இருந்துச்சி மாமா."

மாறன் குன்றைத் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டான். "பக்தி ஜாஸ்தியாப் போச்சுடா உனக்கு. சரி, போடு. பாய இறக்கு."

நங்கூரம் இறங்கியது. சங்கிலி கரகரவென்று ஓடிய சத்தத்தில் கீழே பாறை என்று தெரிந்தது. கடிபட்டு நின்றது. மாறன் அவனைக் கூட்டிப் போய்க் கரையைக் காட்டினான். "இப்ப ரெண்டு குறி பாரு. கிட்ட ஒண்ணு, தூரத்துல ஒண்ணு. அந்த வெள்ளப் பாறையும், பின்னாடி அந்தப் பொந்தும். ஒண்ணுக்குமேல ஒண்ணா கீதா? அப்படியே நின்னா நங்கூரம் புடிச்சிருக்கு. பிரிய ஆரம்பிச்சா நாம போய்க்கினு இருக்கிறோம்னு அர்த்தம். நமக்குத் தெரியாது, படகு சும்மா நிக்கற மாதிரிதான் இருக்கும். குறிதான் சொல்லும்."

"ஓ."

"உங்க ஊட்டு வாசல்ல நின்னா பனைமரமும் மலை உச்சியும் ஒண்ணா தெரியும் இல்ல, அது மாதிரி. உங்க ஊட்டுக்கு நங்கூரம் நல்லா கடிச்சிருக்குடா. எங்கயும் போவாது."

நாலு மணிக்குக் காற்று திசை மாறி நேராகக் குடாவின் வாய்க்குள் வீசியது.

இதுவரைக்கும் அவன் எல்லோருக்கும் சொன்ன கதை. இதற்குப் பிறகு சொன்னதில் பாதி பொய்.

படகு வாய்ப்பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பின்னால் இருபது முழத்தில் பாறை, அதன் மேல் வெள்ளையாகக் கொதிக்கிற தண்ணீர். வெளியேற வேண்டும். நங்கூரம் கீழே இடுக்கில் சிக்கி வர மறுத்தது. மாறன் சட்டையைக் கழற்றினான். நீல நைலான் கயிற்றை இடுப்பில் அந்த முடிச்சால் கட்டிக்கொண்டு, மறுமுனையைப் படகின் முன்கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு மச்சான் கையில் கொடுத்தான். ஒரு இழுப்பு, தளர்த்து. ரெண்டு இழுப்பு, தூக்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலைகீழாகப் போனான்.

ஒரு இழுப்பு வந்தது. தளர்த்தினான்.

கீழே என்னவோ இடறியது. நங்கூரச் சங்கிலிக்கு மேல் கட்டியிருந்த கயிறு துப்பாக்கி வெடித்த மாதிரி அறுந்து, அதன் முனை அவன் காதோரம் பறந்தது. இப்போது படகு பாறைக்குப் போக வேண்டும். போகவில்லை. கரையைப் பார்த்தான். வெள்ளைப் பாறையும் பொந்தும் ஒன்றுக்குமேல் ஒன்றாக அசையாமல் நின்றன. எது பிடித்திருக்கிறது என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. முன்கட்டையிலிருந்து நீலக் கயிறு இரும்புக் கம்பியாக விறைத்துத் தண்ணீருக்குள் போயிருந்தது. அதன் அடியில், எந்த இடுக்கிலோ சிக்கி, மாமா.

மாமாதான் நங்கூரம்.

கயிற்றில் இரண்டு இழுப்பு.

இழுத்தான். படகின் பாரம் முழுக்க அதில் தொங்கியது. ஒரு விரற்கடை வரவில்லை. அலை முன்பக்கத்தை அமுக்கி உள்ளே ஊற்றியது. முழங்கால் வரை தண்ணீர். இரண்டு இழுப்பு. பாயை ஏற்றிவிட்டுக் கயிற்றை அறுத்தால் சாய்ந்து வெளியேறிவிடலாம், இல்லையென்றால் இங்கேயே முழுகல். இரண்டு இழுப்பு. கயிற்றை முன்கட்டையில் இறுக்கிவிட்டுப் பாயை ஏற்றினான். மாறனின் கத்தி பாய்மரத்தடியில் குத்தியிருந்தது. இரண்டு இழுப்பு. அவசரமான இழுப்புகூட இல்லை. நீ இருக்கிறாய், தூக்குவாய் என்று தெரிந்தவன் இழுக்கிற இழுப்பு.

அறுத்தான்.

பாய் நிரம்பியது. படகு கிளம்பியது. குன்று அவனைத் தாண்டிப் போனது, இடப்பக்கமாக. கையில் முழ நீளத்துக்கு நீலக் கயிறு மிச்சம் இருந்தது. அது காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, எதிலும் கட்டியிருக்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு இழுப்பு வந்தது.

கடலில் எறிந்தான். இன்றுவரை அதை மட்டும் அவன் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

*

வண்டிப்பாதையில் உப்புப் பாதங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்தான். ஊருக்கு வந்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. கடலே இல்லாத ஊர். கிணற்றில்கூடத் தண்ணீர் இல்லாத ஊர். காற்று வராத, மலை மறைவான இடம். உலகத்திலேயே பத்திரமான இடம் இதுதான் என்று தோன்றியது. மாமாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

பாதங்கள் வேலிப்படலைத் தாண்டின. மாட்டுக் கொட்டகையைத் தாண்டின. வீட்டு வாசலுக்குப் போகவில்லை. கிணற்று மேடையில் ஏறி முடிந்தன.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா கிணற்றடியில் நின்றிருந்தாள். மேடையில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து.

"செல்வா" என்றாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் நனைந்திருந்தது. "சீக்கிரம் வாடா. ஒத்தையா தூக்க முடியல."

"இன்னாக்கா அது."

"வாளிய மறுபடி கட்டி எறக்கினேன். தண்ணி சத்தம் கேட்டுச்சி. அப்புறம் இழுத்துச்சி." அவள் சிரித்தாள். கல்யாணத்தன்று சிரித்த மாதிரி சிரித்தாள். "ரெண்டு தடவ இழுத்துச்சிடா."

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் மரத்தில் அறைகிற சத்தம். படகின் விலாவில், படுத்திருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் கேட்கிற சத்தம். கவிச்சை முற்றமெல்லாம் நிறைந்திருந்தது.

"வுடுக்கா."

"எதுக்கு வுடணும்?"

"வுட்ருக்கா. அது மாமா இல்ல."

"அவர் இல்லன்னு நீ எப்படிச் சொல்ற?" அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இழுப்பே வரலன்னியே. இங்க பாரு. எவ்ளோ நேரமா இழுக்கறாரு. அப்பவும் இப்படித்தான இழுத்தாரு?"

வாயைத் திறந்தான். நாக்கில் உப்பு.

"அப்பவும் இப்படித்தான இழுத்தாரு, செல்வா?"

ராட்டினம் கிரீச்சிட்டது. நார்க் கயிறு ஒரு முழம் மேலே வந்தது. அதன் முனையில் வாளி இல்லை. அந்த முடிச்சு இருந்தது. முடிச்சுக்கு அந்தப் பக்கம் நீல நைலான், சொட்டச் சொட்ட, விறைத்து, இருட்டுக்குள் போயிருந்தது. அக்கா எட்டி நீலத்தைப் பிடித்தாள். மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"வா. ஒரு கை புடி."

அவன் ஒரு கை கொடுத்திருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை அதை நினைத்துக்கொள்ள அவனுக்கு நேரம் இருக்கும். இப்போது அவன் கண்ணுக்குத் தெரிந்தது, விறகுக் கட்டையில் குத்தியிருந்த கொடுவாள்.

எடுத்தான்.

"செல்வா, வேணாம்."

கிணற்று விளிம்பில் வைத்து ஒரே வெட்டு.

கீழே எதுவும் விழவில்லை. சத்தமே இல்லை. கிணற்றில் அறைந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றது. கொடுவாள் கையிலிருந்து நழுவியது. அக்கா பின்னால் சாயவில்லை. அப்படியே நின்றாள். அவனைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்ட பார்வை. நாளைக்குக் கற்பூரம் தேவைப்படாது.

"அக்கா" என்றான்.

அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த நீலத்தை மறுகையால் பொத்திக்கொண்டாள்.

காலுக்கடியில் என்னவோ தளர்ந்தது. மிக மெல்ல. பாரம் ஏற்றிய வண்டி நகருவதற்கு முன்னால் ஒரு குலுங்கல் வருமே, அது. மாடு கொட்டகையில் எழுந்து நின்றது. வீட்டின் சுவர் நின்ற இடத்தில் நின்றது. திண்ணென்ற மண் தரை. எதுவும் அசையவில்லை. சும்மா நிற்கிற மாதிரிதான் இருந்தது.

குறியைப் பார் என்றது ஒரு குரல். காதுக்குள். கடலை உரிக்கிற குரல்.

நிமிர்ந்தான்.

பனைமரம். அதன் பின்னால் மலை உச்சி. பிறந்த நாள் முதல் ஒன்றுக்குமேல் ஒன்று.

பனைக்கும் உச்சிக்கும் நடுவில் ஒரு விரல் வானம் தெரிந்தது.

பிறகு ஒரு கை அகலம்.

பிறகு ஒரு ஆள் அகலம். காற்றில்லை. ஓலை அசையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வண்டிப்பாதை பின்னால் போய்க்கொண்டிருந்தது. இருசப்பன் கடை போனது. ஊர் விளக்குகள் போயின. அவன் முகத்துக்கு நேராக நின்ற அண்ணாமலை, மெல்ல, அவசரமே இல்லாமல், அவனுடைய இடப்பக்கத்துக்குப் போனது.

வேலிக்கு வெளியே எங்கோ பாறையில் அலை உடைந்தது.

அக்கா மணிக்கட்டில் சுற்றிய நீலக் கயிற்றின் துண்டு, முழ நீளம், எதிலும் கட்டியிருக்காமல், அந்தரத்தில் விறைத்து நீண்டிருந்தது. இரண்டு இழுப்பு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு.